சாம்பல் குதிரையின் வலப்பக்கம்

"ஒரு குதிரை முழுசாப் பழகிடுச்சுன்னு எப்பச் சொல்லலாம், வாத்தியாரம்மா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டிய ஜைனம்புவுக்கு முப்பத்தாறு. தெரியாமல் கேட்ட கேள்வி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டியின் நடுவில் ஒரு சாம்பல் நிறக் குதிரை, மேலே கயிறுகூட இல்லாமல், அவர் விரலைச் சொடுக்கினால் நடந்தது, கையை உயர்த்தினால் நின்றது. மூங்கில் வேலியோரம் பட்டி ஆட்கள் ஐந்தாறு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் 'இதோ, இதைப் பார்த்துச் சொல்லலாம்' என்று ஜைனம்பு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தில்லைநாயகத்தின் மனசு குளிர்ந்துவிடும்.

ஜைனம்பு குதிரையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"பாதிண்ணே," என்றார்.

"என்ன பாதி?"

"குதிரை பாதி பழகியிருக்கு."

சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். தில்லைநாயகத்துக்கு முகம் சுண்டிப்போனது. வேலியோரம் நின்றவர்கள் திடீரென்று தங்கள் வேலை ஞாபகம் வந்து கலைந்தார்கள்.

*

ஓரித்திடல் என்பது கடலுக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் கிடக்கும் சதுப்பு நிலம். அங்கே மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. கப்பலில் வந்து இறங்கியவை என்று சிலர் சொல்வார்கள். இல்லை, ஏதோ ஒரு பாளையத்துப் படையிலிருந்து தப்பி வந்தவை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். குதிரைகளுக்கு இதில் அக்கறை இல்லை. அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

கோடையில் புல் போதாது. அதனால் ஊர்க் கமிட்டி ஆண்டுக்கு நாலைந்து குதிரைகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும். நூறு நாள் பழக்கி, வேண்டுமென்று வந்து கேட்பவர்களுக்குத் தத்துக் கொடுப்பார்கள். விற்பது கிடையாது. தத்து நாளில், பழக்கியவர் தன் கையாலேயே கயிற்றை எடுத்து வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். பேர் வைப்பதும் வந்தவர்தான். பட்டியில் இருக்கும்வரை குதிரைக்கு அதன் நிறம்தான் பேர். செவலை, கருப்பு, சாம்பல், அவ்வளவுதான்.

பட்டிக்கு வாத்தியார் ஜைனம்பு. அவருடைய அத்தா குதிரை வண்டி ஓட்டியவர். புதிதாகப் பிடித்த குதிரை மிரண்டு சுற்றிக்கொண்டிருக்கும் வட்டப் பட்டிக்குள் ஜைனம்பு ஒரு முக்காலியைப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் பொரியை வைத்துத் தின்றுகொண்டே இருப்பார். ஒரு நாளோ எட்டு நாளோ, குதிரை தானாக வந்து தோளை முகரும். பிறகு நீள மூங்கில் கழியின் நுனியில் சாக்குத் துண்டைக் கட்டி, 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, அதனால் முதுகைத் தொடுவார். நாளாக ஆகக் கழி குட்டையாகும். கடைசியில் கழி இருக்காது, கைதான் இருக்கும். அவருடைய வித்தை மொத்தமும் இதுதான். இதற்கு வேண்டிய பொறுமை கடையில் கிடைக்காது என்பதால் அவருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர்.

தில்லைநாயகம் அங்கே வந்தது கற்றுக்கொள்ள அல்ல, கற்றுக்கொடுக்க. நகரத்துக் குதிரைப்படையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். ஊர்வலம் என்றால் முதல் குதிரை அவருடையது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது கை நமநமவென்றது. ஓரித்திடலைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, பாவம், அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே என்று இரக்கப்பட்டு, பெட்டியோடு வந்து இறங்கினார்.

"காட்டுக்குதிரையைத் தொட்டிருக்கீங்களாண்ணே?" என்று ஜைனம்பு அன்றைக்குக் கேட்டார்.

"நான் ஏறாத குதிரை இல்லம்மா."

"ஏறுனதெல்லாம் வேற யாரோ பழக்கினதுதானே?"

ஜைனம்பு அவர் கையில் முக்காலியையும் ஒரு படி பொரியையும் கொடுத்து, அப்போதுதான் பிடித்து வந்திருந்த சாம்பல் குதிரையைக் காட்டினார். அன்று சிஷ்யர் ஆனவர்தான். பதினோராம் நாள் சாம்பல் வந்து அவர் காதோரம் மூச்சு விட்டபோது, அந்த மீசைக்காரர் மடியில் பொரி கொட்டியது தெரியாமல் அழுதார். மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மூன்று வருஷத்தில் சாம்பல் இரண்டு முறை தத்துப் போய், இரண்டு முறை திரும்பி வந்தது.

முதலில் ஒரு தென்னந்தோப்புக்காரர். வீட்டுக்குக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, மாலை போட்டு ஏறினார். சாம்பல் அவரை வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த வருஷம், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். மாமன்மார் கூடி மாப்பிள்ளையை ஏற்றும்போது சாம்பல் மேளக்காரர்களைத் தாண்டிக் குதித்து ஓடியது. தலைப்பாகை குதிரையோடு போய்விட்டது, மாப்பிள்ளை வாசல் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இந்த இரண்டு கதையையும் தில்லைநாயகம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். "குதிரை ஏறத் தெரியாத ஜனம்" என்று முடிப்பார். குதிரையின் மேல் குற்றம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தன் மேல் இருக்கும் என்பது கனவிலும் தோன்றியதில்லை.

ஆனால் மூன்றாம் முறையும் திரும்பி வந்தால் அது சிரிக்கிற கதையாக இருக்காது. மூன்று தத்து நாளிலும் நிலையான இடம் கிடைக்காத குதிரையைக் கமிட்டி கம்பி வேலிக்குள் விட்டுவிடும். அதைச் சதுப்புக்கும் திருப்பி அனுப்ப முடியாது. மனிதரிடம் பழகிய குதிரை தீனி தேடித் தார்ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபடும். வேலிக்குள் வைக்கோல் உண்டு, தண்ணீர் உண்டு. ஓட இடம் கிடையாது, தொட ஆள் கிடையாது. அங்கே ஏற்கெனவே பதினொரு குதிரைகள் வெறுமனே நின்றன. தில்லைநாயகம் அந்தப் பக்கம் போவதில்லை.

தத்து நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

*

அன்று சாயங்காலமே தில்லைநாயகம் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நின்றார்.

"பாதின்னா எந்தப் பாதி?"

"நாளைக்கு வரும்போது வாளைக் கட்டிக்கிட்டு வாங்கண்ணே."

"வாளா?"

"ஊர்வலத்துல கட்டுவீங்கள்ல, அது."

தில்லைநாயகத்துக்குக் கோபம் பாதி இறங்கியது. தத்து நாளில் தன்னை முன்னால் விட்டு ஒரு அணிவகுப்பு நடத்தப் போகிறார் வாத்தியாரம்மா, அதற்கு ஒத்திகை பார்க்கிறார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். படையில் கொடுத்த வாளைப் படையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. அதனால் பக்கத்து ஊரில் கூத்துக் கட்டும் வைத்திலிங்கத்திடம் போய், அர்ச்சுனன் வேஷத்துக்கு வைத்திருந்த மர வாளை இரவல் வாங்கினார். அதில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. கொஞ்சம் உரிந்திருந்த இடத்தில் சோறு தடவி ஒட்டினார்.

காலையில் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, மீசையை முறுக்கி, இடது இடுப்பில் வாளைத் தொங்கவிட்டுப் பட்டிக்கு வந்தார். வேலியோரத்தில் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜைனம்பு சிரிக்கவில்லை.

"நல்லா இருக்குண்ணே. எப்பவும் இடப்பக்கம்தான் தொங்குமா?"

"பின்னே? வலக்கையால உருவணும்ல. அதனாலதான் குதிரையில ஏறுறதும் இடப்பக்கம். அந்தப் பக்கமா ஏறினா வாள் காலுக்கு நடுவுல வந்து மாட்டிக்கும். முதல் நாளே எங்க வாத்தியார் சொல்லிட்டாரு, குதிரைக்கு வாசல் இடப்பக்கம்னு."

இதைப் பட்டியில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். யாராவது வலப்பக்கமாகச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே, "குதிரைக்கு வாசல் இடப்பக்கம்" என்று அவர் குரல் வந்துவிடும். கயிறு கட்டுவது, சேணம் போடுவது, நடத்துவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இடப்பக்கம்.

"சரி," என்றார் ஜைனம்பு. "இன்னிக்கு வலப்பக்கமா ஏறுங்க."

"வாள் இடிக்கும்மா."

"ஆமா. இன்னிக்கு வாள் இருக்கு, இடிக்கும். மூணு வருஷமா எது இடிச்சுது?"

வேலியோரத்தில் சிரிப்பு நின்றது.

தில்லைநாயகம் வாளைக் கழற்றி வேலியில் மாட்டினார். கயிற்றைப் பிடித்தபடி சாம்பலின் வலப்பக்கம் போனார். சேணத்தின் மேல் கையை வைத்தார். விரலைச் சொடுக்கினால் நடக்கிற குதிரை அது. காது இரண்டும் பின்னால் படிந்தன, கண்ணில் வெள்ளை தெரிந்தது. ஒரு துள்ளு துள்ளி அது விலகியதில் கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னங்கால் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

அவர் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். சாம்பல் அவர் தோளில் மூக்கை வைத்தது. மறுபடி வலப்பக்கம் வந்தார். முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்து, மறுபடியும் விலகியது.

தில்லைநாயகத்துக்குத் தென்னந்தோப்புக்காரர் ஞாபகம் வந்தது. நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி ஏறுகிறவர் எந்தக் காலை முதலில் வைப்பார்? வீட்டுக்குள் வரும் மருமகளுக்கும் புது வண்டியில் ஏறுகிறவனுக்கும் ஊர் சொல்வது ஒன்றுதான்: வலது காலை எடுத்து வை. மாப்பிள்ளையை மாமன்மார் அப்படித்தானே ஏற்றியிருப்பார்கள். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வலது காலை முதலில் வைக்க வேண்டுமென்றால் குதிரையின் வலப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

ஏறத் தெரியாத ஜனம் என்று மூன்று வருஷமாக ஊரைப் பார்த்துச் சிரித்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றார்.

"தெரியும்ணே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நேத்துத்தான் கேட்டீங்க."

*

மத்தியானம் தில்லைநாயகம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஜைனம்பு கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே?"

"ஊருக்கு. அத்தனை பேர் முன்னாடி இப்படி ஆனப்புறம் எனக்கு இங்க என்ன மரியாதை?"

"சரிண்ணே. சாம்பலும் கூட வருதா?"

அவர் கம்பி வேலிப் பக்கம் பார்த்தார். மூன்று வருஷத்தில் அன்றுதான் பார்த்தார். பதினொரு குதிரைகளும் வெயிலில் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி நின்றன. பெட்டியைக் கீழே வைத்தார்.

"முக்காலி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலையிலிருந்து தில்லைநாயகம் சாம்பலின் வலப்பக்கத்தில் முக்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொரி தின்றார். குதிரை சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வரப் பார்த்தது. அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வலப்பக்கம் போனார். குதிரை சுற்ற, அவர் சுற்ற, பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றியது. மூன்றாம் நாள் முழு நீள மூங்கில் கழியை எடுத்துச் சாக்குத் துண்டைக் கட்டினார். ஒரு வார்த்தை அதட்டவில்லை. அவருக்கு அதட்டத் தோன்றாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்தாம் நாள் கழி முழமானது. ஆறாம் நாள் வலப்பக்கமிருந்து கழுத்தைத் தடவினார். சேணத்தையும் அந்தப் பக்கமிருந்தே போட்டார்.

ஏழாம் நாள் ஏறினார்.

அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? வலப்பக்கம் நின்றவர், கை தன்பாட்டுக்குச் சேணத்தைப் பிடிக்க, கால் தன்பாட்டுக்கு எழும்ப, இடது காலை அங்கவடியில் வைத்து வலது காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பார்த்தால் முன்னால் தலையைக் காணோம், வால்தான் இருந்தது.

ஊர்வலத்தின் முதல் குதிரைக்காரர் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பட்டி ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். தில்லைநாயகத்துக்குக் காது இரண்டும் சிவந்தன. இறங்கவும் தெரியவில்லை, எந்தப் பக்கம் இறங்குவது என்றும் புரியவில்லை.

"அண்ணே," என்றார் ஜைனம்பு, "குதிரை என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களா?"

அப்போதுதான் அவர் கவனித்தார். சாம்பல் நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கமாக ஒரு ஆள் ஏறி, திரும்பி உட்கார்ந்து, சுற்றிலும் இத்தனை சத்தம் கேட்டும், வாலைக்கூட ஆட்டாமல் நின்றது. குதிரை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொள்ளாதது மேலே இருந்த ஆள்தான்.

தில்லைநாயகம் வாலைப் பார்த்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். படையில் வாங்கிய எந்தப் பதக்கமும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

மீதி நாட்களில் அவருடைய வலது காலும் பழகியது. வாத்தியாரம்மா அதைப் பற்றி நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

*

தத்து நாள் காலை பத்து மணிக்குள் மற்ற நான்கு குதிரைகளும் போய்விட்டன. செவலையை ஒரு பால்காரர் தத்தெடுத்துக்கொண்டார். கருப்பை ஒரு அண்ணன் தங்கை சேர்ந்து வந்து கேட்டார்கள். சாம்பலைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் கதையைக் கேட்டதும் நல்ல குதிரைதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வாழைமரத்து மாப்பிள்ளையின் கதை வட்டாரம் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியதில் பெரும்பங்கு தில்லைநாயகத்துடையது.

கமிட்டித் தலைவர் கலியபெருமாள் ஒருமுறை கம்பி வேலியைப் பார்த்தார், ஒருமுறை தில்லைநாயகத்தைப் பார்த்தார். "உச்சி வரைக்கும் பாக்கலாம்," என்றார்.

தில்லைநாயகம் சாம்பலின் கயிற்றை விடாமல் வெயிலில் நின்றார். தன் மூன்று வருஷ வாய்க்கொழுப்பு இந்தக் குதிரையைக் கம்பிக்குள் தள்ளப் போகிறதே என்பதுதான் அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணிக்கு உப்பளக் கரை மேல் ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். தோளில் மருந்துப் பெட்டி. இடது காலில் இடுப்பு வரை இரும்புப் பட்டை கட்டியிருந்தார். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது கிளுக் கிளுக்கென்றது.

"நேரமாச்சா? காலையில ஒரு பிரசவம். ஆம்பளப் புள்ளை, வெளியில வர்றதுக்கு அவ்வளவு யோசனை," என்றார் வந்தவர். பேர் சூசையம்மாள். உப்பளக் குடியிருப்புகளுக்கு நர்ஸ்.

"உங்களுக்கா குதிரை?" என்று தலைவர் கேட்டார்.

"எனக்குத்தான். நாலு குடியிருப்பு. சைக்கிள் சேத்துல புதையுது, ஸ்கூட்டரும் புதையுது. நடந்தா ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் போக முடியுது. புள்ளைங்க நாலு இடத்துலயும்தானே பொறக்குது."

"ஏறத் தெரியுமா?"

"எங்க மாமா வீட்டுல உப்பு வண்டிக் குதிரை இருந்துச்சு. நடக்கக் கத்துக்கிட்டதைவிடச் சீக்கிரமா ஏறக் கத்துக்கிட்டேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான் சிஸ்டர். ரெண்டு தடவை திரும்பி வந்த குதிரை. முன்னாடியே சொல்லிடுறது நல்லது."

"என்னையும் ரெண்டு தடவை பொண்ணு பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்," என்றார் சூசையம்மாள்.

தில்லைநாயகத்துக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து குதிரையின் இடப்பக்கம் போட்டு, "இந்தப் பக்கம் வாங்கம்மா," என்றார். பழக்கம் அவரை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"அந்தப் பக்கம் ஆகாதுங்கய்யா. இடது கால் தாங்காது. வலது காலை வச்சுத்தான் ஏற முடியும்," என்று சொல்லிவிட்டுச் சூசையம்மாள் வலப்பக்கம் போனார்.

தில்லைநாயகம் ஜைனம்புவைப் பார்த்தார். ஜைனம்பு சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகம் காலிப் பெட்டியை எடுத்து வலப்பக்கம் போட்டார். சூசையம்மாள் அதன் மேல் ஏறி நின்று குதிரையின் கழுத்தில் கையை வைத்தார். சாம்பலின் காது ஒன்று பின்னால் திரும்பியது. தோள் தோல் ஒருமுறை சிலிர்த்தது. 'ஸோ, ஸோ' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அது அடங்கிவிடும் என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். குரல் தொண்டை வரை வந்துவிட்டது. நாளைக்குச் சேற்றுக்கு நடுவில் இந்தக் குரல் இருக்காதே என்று நினைத்து அதை விழுங்கினார்.

சூசையம்மாள் வலது காலை அங்கவடியில் வைத்தார். எழும்பினார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி முதுகுக்கு மேலே போட்டார். இரும்புப் பட்டை சேணத்தில் டணாரென்று இடித்தது.

சாம்பல் நின்றது.

தில்லைநாயகத்துக்கு, இது என் குதிரை என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. முறைப்படி கயிற்றை இரண்டு கையாலும் எடுத்துச் சூசையம்மாள் கையில் கொடுத்தார்.

"பேர் என்னய்யா?" என்று சூசையம்மாள் கேட்டார்.

மூன்று வருஷமாகத் தனியாக இருக்கும்போதெல்லாம் அவர் அதைத் 'தளபதி' என்றுதான் கூப்பிட்டு வந்தார். அது யாருக்கும் தெரியாது.

"நீங்கதாம்மா வைக்கணும்," என்றார்.

"நாலு நாள் கூடச் சுத்தட்டும், அப்புறம் வைக்கிறேன். குணம் தெரியாம எப்படிப் பேர் வைக்கிறது?"

பட்டியைச் சாம்பல் மூன்று சுற்று வந்தது. பிறகு தலைவர் படலைத் திறந்துவிட, உப்பளக் கரை மேல் ஏறி நடக்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும் ஓட்டமாயிற்று. கிளுக் கிளுக் சத்தமும் குளம்புச் சத்தமும் கலந்து கேட்டன. மேலே இருந்தவர் ஒரு கையால் மருந்துப் பெட்டியைப் பிடித்திருந்தார், முதுகு நேராக இருந்தது. ஊர்வலத்தில்கூட அப்படி ஒரு முதுகைத் தில்லைநாயகம் பார்த்ததில்லை.

தில்லைநாயகத்தின் வலக்கை அவரைக் கேட்காமலே நெற்றிக்குப் போய்ச் சல்யூட் வைத்தது. கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. வேலியோரம் நின்றவர்களும் நிமிர்ந்து நின்றார்கள். அந்தப் பட்டியில் அன்று குனிந்த தலை ஒன்றுகூட இல்லை.

உப்புக் குவியலுக்கு அருகில் கரை வளைகிறது. அங்கே சாம்பல் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்று அவர் நின்றார். குதிரை வளைவில் திரும்பி, உப்புக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் கையை இறக்கினார்.

"மூணு வருஷம்மா," என்றார். "திரும்பிக்கூடப் பாக்கல."

ஜைனம்பு வேலியில் மாட்டியிருந்த மர வாளை எடுத்து, வைத்திலிங்கத்திடம் கொடுக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப முழுசுண்ணே."